தைலமரத் தோப்பைக் கைபேசியால் அளக்க முடியுமா?

கேள்வி இதுதான்: ஐந்து ஏக்கரில் தைலமரம். 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் நட்டு நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. வியாபாரி தோப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் குத்துமதிப்பாக இத்தனை டன் என்று சொல்லி மொத்த விலை பேசுகிறார். கேட்டவருக்கு நிரல் எழுதத் தெரியும். கைபேசியில் படம் எடுத்து மரங்களின் பருமனைத் தானே கணக்கிட முடியுமா, அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று அறிய விரும்புகிறார்.

முடியும். எங்கே சறுக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரல் எழுதுபவர்கள் எல்லோரும் படத்தில் மரத்தண்டைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை என்று நினைத்து அதிலேயே மூன்று மாதங்களைக் கரைக்கிறார்கள். ஒரு காலத்தில் அது பெரிய வேலையாகத்தான் இருந்தது. ஒட்சு 1979இல் சொன்ன, வெளிச்சத்தையும் இருட்டையும் பிரிக்கும் எல்லை மதிப்பு முறை, கேனி 1986இல் சொன்ன விளிம்பு காணும் முறை, நேர்கோடுகளைப் பிடிக்க ஹஃப் உருமாற்றம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம்; வெயில் சற்று மாறினால் எல்லாம் கலைந்துவிடும். இன்று மெட்டா நிறுவனம் 2023இல் வெளியிட்ட ‘செக்மென்ட் எனிதிங்’ போன்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியிடம் தண்டின்மேல் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தால் தண்டைத் தனியே பிரித்துத் தந்துவிடுகிறது. அங்கே உங்கள் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

தொல்லை தூரத்தில் இருக்கிறது. கேமராவுக்கு நீளம் என்றால் என்னவென்றே தெரியாது. அது அறிந்தது கோணம் ஒன்றுதான். 3 மீட்டர் தள்ளி நிற்கும் 12 செ.மீ. மரமும் 6 மீட்டர் தள்ளி நிற்கும் 24 செ.மீ. மரமும் படத்தில் ஒரே அகலம். பிக்சலை எண்ணிவிட்டால் விட்டம் வந்துவிடாது. தூரத்தை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும், அல்லது தூரமே தேவைப்படாத கேள்வியாக மாற்றிக் கேட்க வேண்டும். இரண்டாவது வழியும் உண்டு. அது அழகான வழி, பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் கேமராவை அளந்துகொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளக் கம்பைச் சுவரில் கிடையாக ஒட்டி, சரியாக 3 மீட்டர் தள்ளி நேர் எதிரே நின்று படம் எடுங்கள். கம்பு எத்தனை பிக்சல் நீளம் என்று பாருங்கள். இன்றைய கைபேசிகளின் முதன்மை லென்ஸில், 12 மெகாபிக்சல் படத்தில், ஏறக்குறைய 1,000 பிக்சல் வரும். அதை 3ஆல் பெருக்கினால் 3,000. இதுதான் பிக்சல் கணக்கில் உங்கள் லென்ஸின் குவியத் தூரம். இந்த எண் கையில் இருந்தால் மற்றதெல்லாம் பள்ளிக்கூட ஒத்த முக்கோணம்தான்: விட்டம் என்பது பிக்சல் அகலத்தைத் தூரத்தால் பெருக்கி 3,000ஆல் வகுப்பது. 3 மீட்டரில் ஒரு பிக்சல் சரியாக ஒரு மில்லிமீட்டர். நினைவில் வைக்க வசதியான எண்.

கவனம்: இந்த எண் புகைப்படத்துக்கு மட்டுமே பொருந்தும். அதே கைபேசியில் காணொளி எடுத்தால், அசைவைச் சமன்படுத்துவதற்காகப் படத்தின் ஓரங்களை வெட்டிவிடும்; எண் மாறிவிடும். பெரிதாக்கி எடுத்தாலும் அகலக்கோண லென்ஸுக்குத் தாவினாலும் மாறும். சில கைபேசிகள் அருகில் குவிக்கும்போது நம்மைக் கேட்காமலே லென்ஸை மாற்றிக்கொள்கின்றன. ஒரு லென்ஸ், ஒரு அமைப்பு என்று பூட்டி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இப்போது என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதன்முதலில் இதைச் செய்தபோது, அளவு தெரிந்த வெள்ளை அட்டை ஒன்றைத் தண்டின் முன்பக்கத்தில் ஒட்டிப் படம் எடுத்தோம். அட்டை இத்தனை பிக்சல், தண்டு இத்தனை பிக்சல், விகிதம் போட்டால் விட்டம். தூரத்தை அளக்கவே வேண்டாம் என்று பெருமையாக இருந்தது. டேப்போடு ஒப்பிட்டபோது எல்லா மரங்களும் சற்று ஒல்லியாக வந்தன. ஒன்று கூடப் பருமனாக வரவில்லை. லென்ஸைச் சந்தேகித்தோம், நிரலைச் சந்தேகித்தோம், டேப் பிடித்த தம்பியைக் கூடச் சந்தேகித்தோம். இரண்டு வாரம் கழித்து ஒரு தாளில் வட்டம் வரைந்து பார்த்தபோதுதான் விளங்கியது.

தண்டு உருளை. நீங்கள் பார்க்கும் இடது ஓரமும் வலது ஓரமும் அட்டை ஒட்டிய முன்பக்கத்தில் இல்லை. கிட்டத்தட்ட தண்டின் நடு ஆழத்தில் இருக்கின்றன, அதாவது அட்டையைவிட ஒரு ஆரம் பின்னால். பின்னால் இருப்பது சிறிதாகத் தெரியும். 3 மீட்டரில் 12 செ.மீ. மரத்துக்கு இந்தக் கணக்கு 11.8 செ.மீ. என்று சொல்லும். இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும். அதே 3 மீட்டரில் 60 செ.மீ. தூங்குமூஞ்சி மரத்தை அளந்தால் 54.8 செ.மீ. என்று வரும், ஒன்பது சதவீதம் காணாமல் போய்விடும். பட்டை வரையிலான தூரத்தை லேசர் மீட்டரால் அளந்தாலும் இதே பிழைதான், ஏனென்றால் லேசரும் முன்பக்கத்தைத்தான் தொடுகிறது.

திருத்தம் எளிது. தண்டின் பிக்சல் அகலத்தில் பாதியை 3,000ஆல் வகுத்து வரும் சிறு எண்ணோடு 1 கூட்டி, அதனால் முதல் விடையைப் பெருக்குங்கள். மேலே சொன்ன 12 செ.மீ. மரத்துக்கு 59ஐ 3,000ஆல் வகுத்தால் 0.02, 11.8ஐ 1.02ஆல் பெருக்கினால் 12 திரும்பிவிடுகிறது. மிகப் பெரிய மரங்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் திருத்தம் வேண்டும்.

இதைவிட நல்ல வழி, கணக்கே தேவைப்படாத வழி: அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு கம்பை எடுங்கள். சரியாக 1.37 மீட்டர் நீளம், பத்து செ.மீ.க்கு ஒருமுறை சிவப்பும் வெள்ளையுமாகப் பூச்சு. அதைத் தண்டின் முன்னால் வைக்காமல் பக்கவாட்டில், தண்டின் நடுவுக்கு நேராக நிறுத்துங்கள். இப்போது அளவுகோலும் தண்டின் ஓரங்களும் ஒரே ஆழத்தில் இருக்கின்றன. பிழை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். 1.37 மீட்டர் ஏன்? இந்திய வனத்துறைகள் மார்பளவு உயரம் என்று கொள்வது அதுதான், பழைய நான்கரை அடி. வெளிநாட்டுச் செயலிகள் பல 1.3 மீட்டரில் அளக்கும். பருமனில் அந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆக, கம்பின் உச்சி எங்கே அளக்க வேண்டும் என்று காட்டும், கம்பின் கோடுகள் எவ்வளவு என்று காட்டும். ஒரு நாள் கூலிக்கு ஒருவர் கம்பு பிடிக்க, நீங்கள் படம் எடுத்தபடியே போகலாம்.

கம்பு இல்லாமல் கேமராவே தூரத்தைச் சொல்லாதா என்று கேட்பீர்கள். சொல்லும், விலை கொடுத்தால். இரட்டைக் கேமரா வைத்த கருவிகள் நம் இரண்டு கண்களைப் போலத் தூரத்தைக் கணிக்கின்றன. இரண்டு லென்ஸ்களுக்கும் இடையே 12 செ.மீ., குவியத் தூரம் 700 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், இரு படங்களையும் பொருத்துவதில் கால் பிக்சல் தவறு நேர்ந்தால் 3 மீட்டரில் ஏறக்குறைய 3 செ.மீ. தூரப் பிழை. நல்லதுதான். ஆனால் பிழை தூரத்தின் வர்க்கத்தோடு வளரும். 10 மீட்டரில் அது 30 செ.மீ. ஆகிவிடும். அடுத்த வரிசை மரம் வரை நம்பலாம், அதற்கு அப்பால் வேண்டாம். அகச்சிவப்புப் புள்ளிகளை வீசித் தூரம் காணும் கருவிகளை வாங்குமுன், நம் ஊர்ப் பகல் வெயிலில் அந்தப் புள்ளிகள் கரைந்துபோகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிள் நிறுவனத்தின் ப்ரோ வகைக் கைபேசிகளில் 2020இலிருந்து லைடார், அதாவது லேசர் ஒளி வீசித் தூரம் காணும் உணரி, வருகிறது. எட்டும் தூரம் சுமார் 5 மீட்டர். 3 மீட்டர் வரிசைத் தோப்புக்குப் போதும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த லைடார் தரும் ஆழப் படம் 256க்கு 192 புள்ளிகள் மட்டுமே. 3 மீட்டரில் ஒரு புள்ளி ஒன்றரை செ.மீ.க்கும் மேல் அகலம். 12 செ.மீ. மரத்தின் அகலத்தை அதில் எண்ணினால் ஏழு, எட்டுப் புள்ளிகள் வரும். ஒரு புள்ளி தவறினால் கணக்கு எங்கோ போய்விடும். தூரத்தை மட்டும் லைடாரிடம் கேளுங்கள், அகலத்தைப் புகைப்படத்திடம் கேளுங்கள். இரண்டையும் ஒருவரிடமே கேட்கும் செயலிகளை நான் நம்புவதில்லை. பல கோணப் புள்ளிகளைச் சேர்த்து வட்டம் பொருத்தும் செயலிகள் பரவாயில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘ஃபாரஸ்ட் ஸ்கேனர்’ அந்த வகை.

ஒரே படத்திலிருந்து ஆழத்தை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் இப்போது நிறைய உண்டு. எது முன்னால், எது பின்னால் என்று அருமையாகச் சொல்லும். எத்தனை மீட்டர் என்று கேட்டால் தைரியமாக ஒரு எண் சொல்லும். வியாபாரியும் அப்படித்தானே சொன்னார்?

தண்டைப் பிரிப்பதில் ஒரே ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான மாதிரிகள் உங்கள் 4,000 பிக்சல் படத்தை 640 அல்லது 1,024 பிக்சலாகச் சுருக்கித்தான் பார்க்கின்றன. 640 என்றால் முகமூடியின் (தண்டு இருக்கும் இடத்தை மட்டும் குறித்து மாதிரி தரும் படம்) ஒரு புள்ளி அசல் படத்தின் ஆறு பிக்சல், அதாவது 3 மீட்டரில் 6 மில்லிமீட்டர். 12 செ.மீ. மரத்தில் ஐந்து சதவீதம். ஆகவே மாதிரி தரும் முகமூடியின் அகலத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்டு எங்கே என்று அது காட்டட்டும். பிறகு அசல் படத்துக்குத் திரும்பி, 1.37 மீட்டர் உயரத்தைச் சுற்றி முப்பது நாற்பது பிக்சல் வரிசைகளில் விளிம்பைத் தேடி, இரு பக்கமும் ஒரு கோடு பொருத்தி, அந்தக் கோடுகளுக்குச் செங்குத்தாக அகலத்தை எடுங்கள். செங்குத்தாக என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், காற்றடித்துச் சாய்ந்த மரத்தைக் கிடைமட்டமாக அளந்தால் பருமன் கூடிவிடும். நடு வரிசையை மட்டும் எடுத்தால் ஒரு கணு, உரிந்து தொங்கும் ஒரு பட்டை, ஒரு கொடி என்று ஏதாவது ஒன்று கெடுக்கும். தைலமரம் பட்டை உரிக்கும் பருவத்தில் படம் எடுக்கப் போகாமல் இருப்பது இன்னும் நல்லது.

வெளிச்சம். காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயிலில் தண்டின் ஒரு பாதி பளிச்சென்றும் மறு பாதி கருநிழலாகவும் இருக்கும். நிழல் பாதியைப் பின்னணி என்று நினைத்து நிரல் வெட்டி எறிந்துவிடும். மேகமூட்டமான நாள் தங்கம். அது கிடைக்காவிட்டால் ஒரு குறுக்கு வழி: பொழுது சாய்ந்த பிறகு போங்கள். கையில் நல்ல டார்ச் விளக்கு. 3 மீட்டரில் உள்ள மரத்துக்குக் கிடைக்கும் ஒளியில் கால் பங்குதான் 6 மீட்டரில் உள்ள மரத்துக்குக் கிடைக்கும். முன்வரிசை வெள்ளையாகத் துலங்கும், பின்வரிசை இருட்டில் மூழ்கிவிடும். ஒரே இனம், ஒரே வயது, ஒரே நிற மரங்கள் வரிசைக்குப் பின் வரிசையாக நிற்கும் தோப்பில் முன்மரத்தின் விளிம்பும் பின்மரத்தின் விளிம்பும் ஒட்டிக்கொள்வதுதான் பிரிக்கும் மாதிரிகளுக்கு வரும் பெரிய குழப்பம். அந்தக் குழப்பம் இருட்டில் தானாகத் தீர்கிறது. பாம்புக்கு மட்டும் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

தூரமே தேவைப்படாத வழி ஒன்று இருக்கிறது என்றேன். ஆஸ்திரிய வனவியலாளர் வால்டர் பிட்டர்லிக் 1948இல் வெளியிட்ட முறை அது. உலகம் முழுக்க வனக் கணக்கெடுப்பில் இன்றும் புழங்குகிறது. தோப்பின் நடுவில் ஓரிடத்தில் நில்லுங்கள். அங்கிருந்தே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு மரத்தையும் பாருங்கள். மரம் உங்களிடமிருந்து இருக்கும் தூரம் அதன் விட்டத்தைப் போல 50 மடங்குக்குள் இருந்தால் அதை எண்ணுங்கள். அதற்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள். எண்ணிய மரங்கள் 16 என்றால், அந்தத் தோப்பில் ஒரு ஹெக்டேருக்குத் தண்டுகளின் வெட்டுமுகப் பரப்பு 16 சதுர மீட்டர். பெருக்கல் இல்லை, டேப் இல்லை. பருத்த மரத்தைத் தொலைவிலிருந்தும் எண்ணுகிறோம், ஒல்லி மரத்தை அருகில் இருந்தால்தான் எண்ணுகிறோம். அந்தப் பாரபட்சம் பரப்பின் கணக்கோடு சரியாகப் பொருந்திவிடுகிறது.

உங்கள் தோப்பிலேயே சோதித்துப் பார்ப்போம். 3க்கு 2 இடைவெளி என்றால் ஒரு மரத்துக்கு 6 சதுர மீட்டர், ஹெக்டேருக்கு 1,667 குழிகள். 85 சதவீதம் பிழைத்திருப்பதாக வைப்போம்: 1,417 மரங்கள். எல்லாம் 12 செ.மீ. என்றால் ஒவ்வொன்றின் வெட்டுமுகம் 0.0113 சதுர மீட்டர், மொத்தம் 16. மறுபக்கம், 12 செ.மீ.யின் 50 மடங்கு 6 மீட்டர். 6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் 113 சதுர மீட்டர். அதில் 18 அல்லது 19 குழிகள், பிழைத்தவை 16. இரண்டு வழியிலும் 16. முதல் தடவை இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு வந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

ஐம்பதில் ஒன்று என்பது ஒரு கோணம். கேமரா அறிந்த ஒரே மொழி கோணம்! 3,000ஐ 50ஆல் வகுத்தால் 60. படத்தின் நடுவில், மார்பளவு உயரத்தில், 60 பிக்சலுக்கு மேல் அகலமுள்ள மரம் உள்ளே, குறைந்தது வெளியே. தூரம் எங்கும் வரவில்லை. நான் இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட அந்த உருளைப் பிழையும் இங்கே கிடையாது. பின்லாந்தின் ‘டிரெஸ்டிமா’ என்ற செயலி இந்தத் தத்துவத்தின் மேல்தான் நிற்கிறது.

மூன்று பள்ளங்கள் உண்டு. ஒன்று, படத்தின் ஓரத்தில் பிக்சல்கள் இழுபடும். கிடையாகப் பிடித்த 4,000 பிக்சல் படத்தின் விளிம்பில் இருக்கும் மரம், அதே கோணத்தில் நடுவில் இருக்கும் மரத்தைவிட 44 சதவீதம் அகலமாகத் தெரியும். 60 பிக்சல் விதியை நடுப்பகுதியில் மட்டும் பயன்படுத்துங்கள், அல்லது ஒவ்வொரு விளிம்பையும் பிக்சலிலிருந்து கோணமாக மாற்றிக் கழித்துப் பாருங்கள். நிரலில் இரண்டு வரிதான். இரண்டு, மரத்துக்குப் பின்னால் மரம் ஒளிந்துகொள்ளும். வரிசைத் தோப்பில் வரிசைக் கோட்டிலேயே நின்றால் ஒரு பட்டாளமே ஒரு மரத்தின் பின்னால் மறைந்துவிடும். நான்கு மரங்களுக்கு நடுவில், சற்றுக் கோணலான இடத்தில் நில்லுங்கள். ஒளிவது அதிகமாக இருந்தால் எல்லையை 85 பிக்சலாக உயர்த்தி, ஒவ்வொரு மரத்தையும் இரண்டாக எண்ணுங்கள். வட்டம் சுருங்கும், மறைப்பும் குறையும். மூன்று, தோப்பின் ஓரத்தில் நின்றால் வெளியே மரமே இல்லாத வெற்றிடமும் வட்டத்துக்குள் வந்துவிடும். ஓரத்திலிருந்து பத்து மீட்டராவது உள்ளே தள்ளி நில்லுங்கள். ஆனால் ஓரவரிசை மரங்கள் வெயில் வாங்கி மற்றவற்றைவிடப் பருத்திருக்கும். அவற்றைக் கம்பு முறையில் தனியாக அளந்து சேர்க்க வேண்டும்.

பருமன் வந்துவிட்டது. உயரம்? அடியில் ஒரு கோணம், நுனியில் ஒரு கோணம், தூரம் தெரிந்தால் உயரம் என்று புத்தகம் சொல்லும். கைபேசியின் சாய்வு உணரியில் அதைச் செய்யவும் முடியும். 15 மீட்டர் தள்ளி நின்று 45 பாகையில் நுனியைக் குறிவைக்கும்போது ஒரு பாகை தவறினால் அரை மீட்டர் போய்விடும். அதையாவது பொறுக்கலாம், மூடிய தோப்புக்குள் நின்றால் நுனியே தெரியாது. இலைக்கூட்டத்துக்குள் எதையோ நுனி என்று நினைத்துக் குறிவைப்போம். ட்ரோன் இந்த ஒரு வேலைக்கு நல்லது. மேலிருந்து எடுத்த படங்களைக் கோத்து முப்பரிமாணமாக்கினால் தோப்பின் மேற்பரப்பு கிடைக்கும். ‘ஓபன் ட்ரோன் மேப்’ இலவசம். தரை மட்டம் தெரியாவிட்டால் உயரம் தெரியாது, இலைகள் தரையை மறைக்கும் என்பதால், வரப்பிலும் பாதையிலும் தெரியும் தரையை வைத்துச் சமன் செய்ய வேண்டும். மேட்டுப்பாங்கில்லாத நிலமாக இருந்தால் சரி. மரங்களை எண்ணவும் வெற்றிடங்களைக் காணவும் ட்ரோன் உதவும். தண்டின் பருமனை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்; அதற்குத் தண்டு தெரிவதே இல்லை. தலைப்பரப்பை வைத்துப் பருமனை ஊகிக்கும் சூத்திரங்கள், தலைகள் ஒன்றோடொன்று உரசி நிற்கும் தோப்பில் சூத்திரங்களாகவே நின்றுவிடும். ஒரு மீட்டருக்கு ஒன்று என நெருக்கி நட்ட சவுக்குத் தோப்பில் மேலிருந்து மரங்களை எண்ணுவது கூட நடக்காது.

இனி டன். உங்கள் ஐந்து ஏக்கரில் 6 சதுர மீட்டருக்கு ஒன்று என்றால் 3,372 குழிகள், 85 சதவீதம் பிழைத்தால் 2,866 மரங்கள். சராசரி 12 செ.மீ. விட்டம், 14 மீட்டர் உயரம், தண்டு மேலே ஒடுங்குவதற்கு 0.45 என்ற வடிவக் காரணி என்று வைத்தால், மரத்துக்கு 0.071 கன மீட்டர், மொத்தம் 204. தைலமரத்தின் பச்சை எடை கன மீட்டருக்கு ஒரு டன்னை ஒட்டி வருவதால், ஏறக்குறைய 200 டன் என்று கொள்ளலாம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு. உங்கள் தோப்பின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் இதுவரை சொன்ன சிறு சதவீதங்கள் இங்கேதான் பணமாகின்றன. அட்டையை முன்னால் ஒட்டிய பிழை விட்டத்தில் இரண்டு சதவீதம். எடை விட்டத்தின் வர்க்கத்தோடு போவதால் அது நான்கு சதவீதம், அதாவது 8 டன். 3 மீட்டர் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் 10 செ.மீ. முன்னே பின்னே நின்றீர்கள் என்றால் ஒரு மரத்துக்கு ஏழு சதவீதம் பிழை வரலாம். ஆனால் சில மரத்துக்கு முன்னே, சில மரத்துக்குப் பின்னே நின்றால், நூறு மரங்களில் அது தன்னைத் தானே கழித்துக்கொண்டு ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். எப்போதுமே 10 செ.மீ. பின்னால் நின்றால் 13 டன் காணாமல் போகும். ஒவ்வொரு மரத்திலும் முன்பின்னாகச் சிதறும் பிழையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் பிழையைத் தேடித் தேடிக் கொல்லுங்கள். கண்மதிப்பில் விலை பேசுபவரின் பிழை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு மரத்தைத் துல்லியமாக அளப்பதில் கேமரா டேப்பைத் தோற்கடிக்காது. சும்மா சுற்றிப் பிடிக்கும் ஒரு டேப் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. கோணலான தண்டின் எல்லாப் பக்கத்தையும் அது ஒரே சுற்றில் பார்க்கிறது, கேமரா ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறது. கேமராவின் பலம் எண்ணிக்கையில் இருக்கிறது. மரத்துக்கு மரம் வெட்டுமுகம் 40 சதவீதம் வேறுபடும் தோப்பில் 100 மரங்களை டேப்பால் அளந்தால், டேப் எவ்வளவு சரியாக இருந்தாலும், சராசரியில் நான்கு சதவீதத் தடுமாற்றம் இருக்கும். அந்த நூறு மரங்கள் எவை என்பது அதிர்ஷ்டம். 1,000 மரங்களைப் படமெடுத்தால் தடுமாற்றம் 1.3 சதவீதம்.

ஆகவே இரண்டையும் கட்டிப் போடுங்கள். வரிசைகளில் முறையாக, ஆறாவது வரிசை, பன்னிரண்டாவது வரிசை என்று முன்கூட்டியே தீர்மானித்து, 500 மரங்களைப் படமெடுங்கள். நல்ல மரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கை துறுதுறுக்கும்; அடக்கிக்கொள்ளுங்கள். செத்துப்போன குழியையும் பூஜ்யம் என்று எழுதுங்கள். அந்த 500இல் ஒவ்வொரு பத்தாவது மரத்தையும், மொத்தம் 50, டேப்பாலும் அளந்து விட்டமாக மாற்றுங்கள். ஐம்பதின் டேப் விட்ட வர்க்கங்களைக் கூட்டி, அதே ஐம்பதின் கேமரா விட்ட வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். 1.03 என்று வந்தால் கேமராவின் மொத்தக் கணக்கை 1.03ஆல் பெருக்குங்கள். விட்டங்களைக் கூட்டாமல் வர்க்கங்களைக் கூட்டச் சொல்வது வேண்டுமென்றேதான்: சிதறல் பிழையை வர்க்கம் செய்யும்போது சராசரி கொஞ்சம் உப்பும், அந்த உப்பலையும் இந்த விகிதமே கழித்துவிடும். நீங்கள் கண்டுபிடிக்காத லென்ஸ் கோளாறு, கம்பு சாய்ந்த கோளாறு எல்லாமும் இதில் அடங்கிவிடும்.

தேக்கு வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு இடைச்செருகல். தேக்கு எடையில் போகாது, சுற்றளவில் போகும். சுற்றளவை நான்கால் வகுத்து வர்க்கம் செய்து நீளத்தால் பெருக்கும் பழைய கணக்குதான் சந்தையில். அந்தக் கணக்கு உருளையின் உண்மையான கனஅளவில் 78.5 சதவீதத்தைத்தான் தரும். கேமராவில் வந்த விட்டத்தை வட்டச் சூத்திரத்தில் போட்டுவிட்டு, வியாபாரி ஐந்தில் ஒரு பங்கை விழுங்கிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். விலையே அந்தக் கணக்கை வைத்துத்தான் பேசப்பட்டிருக்கும். இன்னொன்று, முதிர்ந்த தேக்கின் அடித்தண்டில் ஓடும் பள்ளங்களைக் கேமராவும் காணாது, டேப்பும் காணாது.

0.45, ஒரு டன் போன்ற என் எண்களை உங்கள் தோப்பின் எண்களாக மாற்ற ஒரே வழி, சில மரங்களை வெட்டி எடை போடுவதுதான். ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று எட்டுப் பத்து மரங்கள். வெட்டுமுன் விட்டத்தை அளந்து, வெட்டியதும், காகித ஆலை எந்தப் பருமன் வரை எடுத்துக்கொள்ளுமோ அதுவரை நறுக்கி, அன்றே எடை போடுங்கள். பட்டையோடா, பட்டை உரித்தா என்பதை உங்கள் ஒப்பந்தம் எப்படிச் சொல்கிறதோ அப்படி. விட்ட வர்க்கத்துக்கு எதிராக எடையைப் புள்ளியிட்டால் நேர்கோட்டுக்கு மிக அருகில் வரும். அந்தக் கோடுதான் உங்கள் தோப்பின் சூத்திரம். பக்கத்து ஊர் நண்பரின் கோட்டைக் கடன் வாங்க வேண்டாம், அவர் வேறு குளோன் (ஒரே தாய்மரத்திலிருந்து பெருக்கிய கன்று) நட்டிருப்பார், வேறு தண்ணீர் பாய்ச்சியிருப்பார்.

அன்றே என்று சொன்னதற்குக் காரணம், வெட்டிய மரம் நாளுக்கு நாள் தண்ணீர் விட்டு எடை இறங்கும். கரூர் மாவட்டத்துத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலையானாலும் வேறு ஆலையானாலும் கொள்முதல் எடைமேடைச் சீட்டின்படிதான். லாரி வர ஒரு வாரம் தாமதமானால் உங்கள் கணக்குக்கும் சீட்டுக்கும் இடையே ஒரு பள்ளம் விழும். அது கேமராவின் பிழை ஆகாது. மொத்த விலைக்கு விற்காமல் டன் கணக்கில் விற்பதாக இருந்தால், வெட்டிய நாளும் ஏற்றிய நாளும் சீட்டோடு சேர்த்து எழுதி வையுங்கள். தைலமரம் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். அடுத்த வெட்டுக்கு வியாபாரி வரும்போது அந்தச் சீட்டுகளும் இந்தக் கம்பும் உங்களிடம் இருக்கும்.